நாய் நல்லாக் குலைக்குமாங்க?

பழனிச்சாமி கேட்டது ஒரே ஒரு கேள்வி.

நாய்கள் காப்பகத்தின் முன்வாசலில், தகரக் கூரைக்குக் கீழே நின்றிருந்தோம். தூறல் விடவில்லை. அவர் கொடைக்கானல் மேல்மலையிலுள்ள கவுஞ்சியிலிருந்து மனைவியுடன் ஜீப்பில் வந்திருந்தார். செருப்பு முழுக்கத் தோட்டத்து ஈரமண். மனைவி செல்லக்கண்ணு தரையில் குந்தி, நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தார். நாய் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுத்தது.

என் கையில் நான் எழுதிய குறிப்பு இருந்தது. நான்கு பக்கம், நாற்பத்தொரு குறிப்புகள். என்ன தின்னும், எப்போது தின்னும், எதற்குப் பயப்படும், கழுத்துத் தழும்பில் எண்ணெய் எப்படித் தடவ வேண்டும். அதை முழுவதும் படித்துக் காட்டி முடித்திருந்தேன்.

"இம்புட்டு எழுதி எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட யாரும் தரலைங்க டீச்சரம்மா," என்றார் பழனிச்சாமி.

செல்லக்கண்ணு நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல், "எழுதித் தந்திருந்தா நம்ம புள்ள அவரக் கட்டியிருக்க மாட்டாளே," என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகுதான் பழனிச்சாமி கேட்டார். "எல்லாம் சரிங்க. நாய் நல்லாக் குலைக்குமாங்க?"

நான் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். இருபத்தாறு வருடங்களாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, பள்ளி வேன் எத்தனை நிமிடம் தாமதம், எல்லாம் அதில் இருக்கும். யார் எதைக் கேட்டாலும் தோராயமாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்கு அப்போது மணி பதினொன்று பத்து.

"குலைக்கும்," என்றேன்.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் மழையைப் பற்றி எழுதியபோது, 'அந்த வருடம் என் வீட்டில் ஒரு நாய் இருந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். விருதுநகரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். 'அந்த நாய் என்ன ஆயிற்று? நீங்கள் வேண்டுமென்றே தாண்டிப் போனது போலத் தெரிகிறது' என்று.

வேண்டுமென்றேதான் தாண்டினேன்.

க்ளட்ச் ஒயர்

காப்பகத்தை நடத்துகிற வசந்தா எங்கள் பள்ளியில் படித்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் செய்தாள்.

"அக்கா, உங்க வீட்டுல பின்னாடி ஒரு சின்ன ரூம் சும்மா கெடக்குல்ல?"

"சும்மா இல்ல. பழைய பேப்பர் கெடக்கு."

"பேப்பர வெரசா எடுத்துருங்க. ஒரு பேஷன்ட் வருது."

மேல்மலையில் ஒரு பீன்ஸ் தோட்டத்தின் ஓரத்தில் அந்த நாயைப் பிடித்திருந்தார்கள். காட்டுப்பன்றிக்காக யாரோ வைத்த சுருக்கில் கழுத்து மாட்டியிருக்கிறது. எப்படியோ இழுத்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆனால் வளையம் கழுத்திலேயே தங்கிவிட்டது. எத்தனை நாள் அப்படித் திரிந்ததோ தெரியாது. ஒயர் சதைக்குள் புதைந்து, அதன்மேல் தோல் மூட ஆரம்பித்திருந்தது. கழுத்திலிருந்து ஒரு முழம் ஒயர் மண்ணில் இழுபட்டது. மோட்டார் பைக்கின் க்ளட்ச் ஒயர்.

அந்த மாதிரி ஒயரை எனக்கு ஏற்கெனவே தெரியும். பல வருடங்களுக்கு முன் பள்ளியிலிருந்து புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மேல்மலைக் கிராமங்களுக்குப் போவோம். ஒரு வீட்டுச் சுவரில் பத்துப் பன்னிரண்டு ஒயர்கள் ஒரே நீளத்தில், வரிசையாக, ஆணியில் தொங்கின. அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் எனக்குப் பிடித்துப்போயிற்று. துணி காயப்போடுகிற கொடியா என்று கேட்டேன். "பன்னிக்குங்க," என்றார் அந்த வீட்டு அம்மா. நாய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நாய்க்குப் புத்தி இருக்குல்லங்க. அது ஏன் அங்க போகுது?" என்று சொல்லி எனக்குக் காபி கொடுத்தார். நல்ல காபி. அதையும் எழுதியிருக்கிறேன்.

கால்நடை டாக்டர் ஒயரை வெட்டி எடுத்து, புழுவைக் களைந்து, இரண்டு அடுக்காகத் தையல் போட்டிருந்தார். கழுத்தைச் சுற்றித் தடிமனாக வெள்ளைக் கட்டு. சீசனுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிக் கழுத்தை மூடிக்கொண்டு நடப்பார்களே, அப்படி இருந்தது. வசந்தா அதற்கு மப்ளர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

காப்பகத்தில் வைத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இருந்தது. அங்கே நாற்பது நாய்கள். ஒன்று குரைத்தால் நாற்பதும் குரைக்கும். இதுவும் கூடச் சேர்ந்து குரைத்தால் தையல் பிரிந்துவிடும்.

"மூணு வாரம் சத்தமே கூடாது," என்றார் டாக்டர். "கழுத்துல பட்டை கட்டக் கூடாது. இழுக்கக் கூடாது. குலைக்க விடக் கூடாது. அமைதியான வீடு வேணும்."

வசந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா வீட்ட விட அமைதியான வீடு கொடைக்கானல்ல கெடையாது டாக்டர். பல்லிகூடப் பெர்மிஷன் கேட்டுத்தான் கத்தும்."

மூன்று வாரம்

நான் நாயுடுபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா ஸ்டெல்லா அக்கா ஹோம்ஸ்டே நடத்துகிறார். மூன்று அறைகள். பதினான்கு வருடங்களாக எங்களுக்குள் ஒரு மனஸ்தாபம் கிடையாது. நாய் வருகிறது என்று சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சவுண்டு வருமா டீச்சர்?" வராது, டாக்டரே சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். "அப்ப ஓகே."

பின்னறையில் பழைய சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் கம்பளியை விரித்தேன். சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினேன். காலை ஐந்து நாற்பதுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவுவது. ஆறு மணிக்கு மாத்திரை. ஆறே காலுக்குக் குழையவிட்ட சோறும் வேகவைத்த ஈரலும். குனிந்தால் தையல் இழுக்கும் என்பதால் தட்டை ஒரு மணையின்மேல் வைப்பது. சாயந்திரம் ஐந்தரைக்கு மறுபடியும் முதலிலிருந்து.

எடை பார்க்க நாயைத் தூக்கிக்கொண்டு இயந்திரத்தில் நின்று, பிறகு நான் மட்டும் நின்று, கழிப்பேன். முதல் நாள் பதினொரு கிலோ முந்நூறு. கண் கலங்கிய மாதிரி எப்போதும் ஈரமாக இருக்கும். புண் கழுவும்போது நடுங்கும். ஒரு தடவைகூட என்னைக் கடிக்கவில்லை. கடிக்கப் போகிறது என்று தோன்றினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நான்காம் நாள் காய்ச்சல் ஏறியது. கழுத்துக் கட்டிலிருந்து மஞ்சளாகக் கசிந்து, அறை முழுக்க நாற்றம். டாக்டர் வந்து இரண்டு தையலைப் பிரித்துச் சீழை எடுத்து, மருந்தை மாற்றினார். "இன்னைக்கும் நாளைக்கும் தாண்டிட்டா பொழச்சுக்கும்," என்றார். நான் பள்ளிக்கு லீவு போட்டேன். இருபத்தாறு வருடத்தில் அது ஆறாவது லீவு. இரண்டு நாளும் ஒரு மணிக்கு ஒருமுறை ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் காலை ஆறே காலுக்கு அது தானாக எழுந்து மணைக்கு முன்னால் போய் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரத்தை மட்டும் எழுதினேன்.

உடம்பு தேற ஆரம்பித்ததும் தொண்டையில் ஒரு உறுமல் வந்தது. ஜன்னலில் குரங்கு தெரிந்தால், படியில் காலடிச் சத்தம் கேட்டால், குரைக்க வாய் திறக்கும். அங்கேதான் எனக்கு என் தொழில் கைகொடுத்தது.

நூலகத்தில் நான் யாரையும் அதட்டுவதில்லை. பேசுகிற பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, உள்ளங்கையை மார்பு உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவேன். அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்வார்கள்.

மப்ளருக்கு நான்கு நாள்தான் ஆயிற்று. வாய் திறக்கும்போது உள்ளங்கையைக் காட்டுவேன். அது உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு ஈரல். தையலுக்காகச் செய்தேன். அதுவரைக்கும் செய்தது சரி. அதைச் சொல்லிவிட வேண்டும்.

பதினொரு முறை

மூன்று வாரம் முடிந்ததும் டாக்டர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். "நாளையிலருந்து குலைச்சா குலைக்கட்டும். குலைச்சா சந்தோஷப்படுங்க. ஆனா இன்னும் ரெண்டு மாசம் உங்ககிட்டயே இருக்கட்டும். தோல் நல்லாக் கெட்டியாகணும்."

அதற்கு இரண்டு நாள் கழித்து, சாயந்திரம் ஆறேகால் மணிக்கு, எங்கள் தெருவில் ஒரு காட்டுமாடு வந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இது எங்கள் ஊரில் அதிசயம் இல்லை. ஒரு சின்ன லாரி உயரத்துக்கு, காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, பனிமூட்டத்திலிருந்து சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். செடியைத் தின்னும், குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும், போய்விடும். நாம் வழிவிட்டால் அதற்கும் நம்மோடு ஒரு சோலியும் இல்லை. தெரியாமல் பக்கத்தில் போனால்தான் ஆபத்து.

மப்ளர் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தது. குரைத்தது.

அப்படி ஒரு குரலை அந்த மெலிந்த உடம்புக்குள் நான் எதிர்பார்க்கவில்லை. கனமான, அடிவயிற்றுக் குரல். கண்ணாடி அதிர்ந்தது. பதினொரு முறை குரைத்தது, எண்ணினேன். காட்டுமாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. எனக்குப் பூரிப்பாக இருந்தது. டைரியை எடுத்து எழுதிக்கொண்டிருக்கும்போதே படியில் ஸ்டெல்லா அக்கா வருகிற சத்தம்.

"டீச்சர், கீழ பெங்களூர் ஃபேமிலி. பேபி இப்பத்தான் தூங்குச்சு. முழிச்சுக் கத்துது. அவங்க காட்டுமாட்ட வீடியோ எடுத்துட்டு இருந்தாங்களாம், உங்க நாய் வெரட்டி விட்டுருச்சாம். அதுக்கு வேற கம்ப்ளெயின்ட்."

"தையல் ஆறிடுச்சுக்கா. டாக்டர் குலைக்கலாம்னு..."

"டாக்டர் சொல்லுவாரு. இது சீசன் டீச்சர். ரிவ்யூல ஒரு ஸ்டார் போட்டாங்கன்னா உங்க நாய் வந்து பதில் எழுதுமா?" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். என் தோளைத் தொட்டு, "கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் பாத்துக்குங்க. இல்லாட்டி வேற எடத்துக்கு மாத்திருங்க," என்றார்.

நாயைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அன்றைக்கு நான் மப்ளரை வசந்தாவிடம் திருப்பிக் கொண்டுபோயிருக்கலாம். தையல் ஆறிவிட்டது, நாற்பது நாய்களோடு அதுவும் குரைத்துக்கொண்டு இருந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் கடையில் கால் கிலோ ஈரல் அதிகமாக வாங்கினேன்.

நான் பெருமைப்பட்ட விஷயம்

அடுத்த ஏழு வாரமும் சாயந்திரங்களில் காட்டுமாடு வருகிற நேரம் பார்த்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மடியில் ஈரல் கிண்ணம். மப்ளரின் காது விறைக்கும். வாய் திறப்பதற்கு முன்பே என் உள்ளங்கை உயரும். முதல் வாரம் இரண்டு முறை உட்காராமல் உறுமியது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஐந்தாம் வாரம் நான் கையைத் தூக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தெருவில் காட்டுமாடு தெரிந்த உடனே மப்ளர் ஜன்னலை விட்டுத் திரும்பி, உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தது. நான் எழுதிய வரி இது: 'இன்று தானாகவே. மிக நல்ல நாய்.'

ஸ்டெல்லா அக்கா மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். "என்னா டிசிப்ளின்! ஸ்கூல் நாய்ல்ல," என்றார். கீழே தங்கியிருந்தவர்கள் அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் ரிவ்யூவில் அதைப் பற்றி எழுதியிருந்தார். ஸ்டெல்லா அக்கா போனில் எனக்குப் படித்துக் காட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன்.

எடை பதினைந்து கிலோ எண்ணூறு. கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காத வளையம். மற்றபடி முழு ஆரோக்கியம். வசந்தா அதன் போட்டோவை அனுப்ப வேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். யாரும் வரவில்லை. எல்லோருக்கும் குட்டி வேண்டும், வெள்ளையாக வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒரே ஒருவர் வந்தார். அவர்தான் பழனிச்சாமி.

அவரை ஏன் எங்களுக்குப் பிடித்தது என்றால், வந்ததும் நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "ஒயருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "எங்க தோட்டத்துல நான் அந்தக் கருமத்த வைக்கிறதில்லைங்க. எங்கப்பாரு காலத்துலருந்து நாய்தான் காவல். கேரட்டும் பூண்டும் போட்டிருக்கோம். பன்னி வரும், காட்டுமாடு வரும். இருந்த நாய் வயசாகிச் செத்துப்போச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரும் என்னயக் கேலி பண்றாங்க, ஒயரக் கட்டுப்பாங்கிறாங்க. அதுக்குத்தான் வெரசா ஒரு நாயத் தேடுறேன்."

இப்படி ஒரு ஆளை எங்கே தேடுவது? செல்லக்கண்ணுவின் கைக்குள் அந்த நாய் தலையைக் கொடுத்திருந்த விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் கேட்டார், நல்லாக் குலைக்குமா என்று.

அதற்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. 'ஒரே ஒரு நாள், பதினொரு முறை. அதற்குப் பிறகு இல்லை. குரைக்க வேண்டாம் என்று நான்தான் பழக்கினேன். காட்டுமாட்டைப் பார்த்தால் உட்கார்ந்துவிடும்.' மூன்று நான்கு வாக்கியங்கள்தான். நாற்பத்தொரு குறிப்புகள் எழுதிய எனக்கு நாற்பத்திரண்டாவதாக ஒன்று எழுதத் தெரியாமல் இல்லை. முந்தைய நாள் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், இன்னொரு இடம் வராது என்று நினைத்தேன். தோட்டத்துக்குப் போனால் தானாகப் பழகிக்கொள்ளும் என்றும் நினைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. நான் பழக்கியதை ஒரு குறையாக என் கையால் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

வசந்தாவுக்கும் தெரியாது. அவள் என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நாய் அமைதியாக இருந்ததைப் பார்த்து, தொண்டை இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று நினைத்திருக்கிறாள்.

அவர் சொன்னபடி

மூன்று மாதம் நல்ல செய்திதான் வந்தது. பெயரை மணி என்று மாற்றிவிட்டார்கள். செல்லக்கண்ணுவை விட்டு நகர்வதில்லை. அவர் களை எடுத்தால் வரப்பில் படுத்திருக்கும். பழனிச்சாமி ஒருமுறை போனில், "இன்னும் வாயத் தொறக்கலைங்க. கூச்சம்போல," என்றார். நான், "போகப் போகச் சரியாயிடும்," என்றேன். இரண்டாவது தடவையும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

பிறகு ஒரு காலை பத்து இருபதுக்கு வசந்தா நூலகத்துக்குப் போன் செய்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

செல்லக்கண்ணுவைக் காட்டுமாடு முட்டிவிட்டது.

மலையிறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனேன். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. வலது முழங்கையில் கம்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சையும் பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். நான் தடுத்தேன்.

"நாய் நல்லாருக்குங்க டீச்சரம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் முதலில்.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"காலையில வெள்ளனே கேரட் புடுங்கப் போனேங்க. பனி அப்பிக் கெடந்துச்சு, பத்தடி தெரியல. மணி எம் பக்கத்துலதான் நின்னுச்சு. திடீர்னு திரும்பி, எம் முன்னாடி வந்து ஒக்காந்துச்சு. எம் மூஞ்சியவே பாக்குது. நான் திங்கப் பன்னு கேக்குதுன்னு நெனச்சுட்டேன். இருடா, வீட்டுக்குப் போயித் தாரேன்னு சொல்லிட்டுக் குனிஞ்சேன். பின்னாலருந்து..."

அதற்குமேல் பேச வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார்.

அது எதற்காக உட்கார்ந்தது என்று அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது தன் கடமையைச் செய்திருக்கிறது. காட்டுமாடு வந்ததைக் கவனித்து, கற்றபடி ஒழுங்காக உட்கார்ந்து, ஒரு துண்டு ஈரலுக்காகக் காத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. அடிபட்டுக் கிடக்கிறவரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அன்றைக்கு டைரியில் பஸ் புறப்பட்ட நேரம்கூட இல்லை.

திரும்பி வந்த ஜீப்

ஐந்து வாரம் கழித்துப் பழனிச்சாமி நாயைத் திருப்பிக் கொண்டுவந்தார். முன்கூட்டியே வசந்தாவிடம் சொல்லியிருந்ததால் நானும் காப்பகத்தில் இருந்தேன். நானே மறுபடியும் வைத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்திருந்தேன். ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்த நாய்னா எத்தனை வருஷம் வேணா இருக்கட்டும் டீச்சர்," என்றார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய மப்ளர் என்னை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. ஆனால் பழனிச்சாமியின் காலை ஒட்டியேதான் நின்றது. நன்றாகச் சதை போட்டிருந்தது. கழுத்துத் தழும்பில் எண்ணெய் மினுங்கியது. வீட்டில் ஒரு ஆள் படுத்த படுக்கையாக இருந்தபோதும் அதை ஒரு நாள் விடவில்லை என்று தெரிந்தது. என் நான்கு பக்கக் குறிப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"வீட்டுக்காரிக்கு முடியலைங்க," என்றார். "நாய் மேல கோவம் ஒண்ணுமில்ல. ஆனா கண்ண மூடினா இது மூஞ்சிக்கு நேரா ஒக்காந்திருக்கிறதுதான் வருதாம். பக்கத்துல வந்தா மேலெல்லாம் நடுங்குறா. நானும் எத்தன நாளைக்குத்தான் இதக் கொட்டகையிலயே கட்டிப்போடுறது."

"பழனிச்சாமி," என்றேன். "ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஜன்னல், ஈரல், உள்ளங்கை, ஏழு வாரம். அவர் கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றும், போனில் வாய் திறக்கவில்லை என்று சொன்னபோதும் தெரியும் என்றும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. வசந்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முடிக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழனிச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இதச் சொல்றதுக்கு என்னங்க டீச்சரம்மா?" என்றார். "குலைக்காதுன்னு சொன்னா நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? அவ அன்னைக்கே அத மடியில தூக்கி வச்சுட்டா. விட்டுட்டு வந்திருப்பாளா? வீட்டுல கெடந்துட்டுப் போகுதுன்னு கூட்டிட்டுத்தான் போயிருப்போம். தோட்டத்துக்கு வேற ஒரு நாயப் பாத்திருப்பேன். ரெண்டும் கெடந்திருக்கும்."

அவர் கொடுத்த பிளாஸ்டிக் கவரை நான் இரண்டாக மடித்தேன்.

"நாய் இருக்குங்கிற தைரியத்துல தனியா அனுப்புனேன் அவள," என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மப்ளரின் முகத்தைப் பிடித்து, "மணி, இங்கயே இருக்கணும். டீச்சரம்மா சொன்னபடி கேட்டு இருக்கணும்," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் அப்படித்தான் பேசுவார்.

வாரை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். மப்ளர் பின்னால் ஓட முயன்றது. இவ்வளவு பலம் அதற்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் பிடித்தேன். முன்னங்கால்கள் தரையில் படாமல் எக்கி நின்றது. உடம்பு முழுக்க நடுங்கிற்று.

ஜீப் மண்பாதையில் இறங்கி, வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றது. முப்பது அடி இருக்கும். ஒரு குரல் கொடுத்திருந்தால் பழனிச்சாமிக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்திருப்பார். இறங்கிக்கூட வந்திருப்பார்.

"குலைடா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பஸ் கடந்தது. ஜீப் வளைவில் திரும்பிப் போயிற்று. மப்ளர் வாயைத் திறக்கவில்லை.